ஒற்றைத் துளைக் குளோரின்: ஈனி வகைப்பாட்டுக்காக வாங்கிய மூலக்கூறு மாதிரிப் பெட்டி

அரசுக் கலைக்கல்லூரி ஒன்றில் முதுகலை மாணவர்களுக்குக் கரிம உலோக வேதியியல் நடத்துகிறேன். அந்தத் தாளில் பிள்ளைகள் அதிகம் குழம்புகிற இடம் ஈனிகளின், அதாவது உலோக அணுவைச் சுற்றிப் பிணைந்து நிற்கும் மூலக்கூறுகள், அயனிகளின், வகைப்பாடு. அதற்காகவே துறையில் சொல்லி ஒரு மூலக்கூறு மாதிரிப் பெட்டி வாங்கினோம். கனிமம், கரிமம் இரண்டுக்கும் பொதுவான பெரிய பெட்டி. உருண்டையும் குச்சியும் வகை. சில பருவங்களாக வகுப்பில் புழங்கிவிட்டதால் இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது. தயாரிப்பாளர் பெயரைச் சொல்லப் போவதில்லை. என் கைக்கு வந்த மற்ற பெட்டிகளும் ஏறக்குறைய இதே அமைப்புதான். நான் சொல்லும் நிறை குறைகள் அவற்றுக்கும் பொருந்தும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஓர் ஈனி உலோகத்தை எத்தனை இடத்தில், எப்படிப் பிடிக்கிறது என்பதைக் கரும்பலகையைவிட இது தெளிவாகக் காட்டும். ஆனால் அந்தப் பிணைப்புக்கான எலக்ட்ரான்கள் யாருடையவை என்பதை இது காட்டவே காட்டாது. கரிம உலோக வேதியியலில் வகைப்பாடு என்பதில் பாதிக்கு மேல் அந்த இரண்டாவது கேள்விதான். அதை ஆசிரியர்தான் பெட்டியோடு சேர்க்க வேண்டும். சேர்க்கச் செலவு குறைந்த வழி ஒன்று உண்டு, கீழே சொல்கிறேன்.

பெட்டியில் உள்ளவை: உலோகத்துக்கு வெள்ளி நிறத்தில் ஆறு துளை எண்முகி உருண்டைகள், ஐந்து துளை உருண்டைகள், எந்தத் திசைக்கும் வளைந்துகொடுக்கும் பதினான்கு துளை உருண்டைகள் சில, கறுப்புக் கார்பன், வெள்ளை ஹைட்ரஜன், நீல நைட்ரஜன், சிவப்பு ஆக்சிஜன், பச்சைக் குளோரின், ஊதாப் பாஸ்பரஸ், குட்டைக் குச்சி, நீண்ட வளையும் குச்சி. இந்த நிறங்களுக்கு வயது அதிகம். 1865 இல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹோஃப்மன் பொதுச் சொற்பொழிவு ஒன்றுக்குக் குரோக்கே பந்துகளுக்கு வண்ணம் பூசிக் கொண்டுபோனார். கார்பனுக்குக் கறுப்பும் குளோரினுக்குப் பச்சையும் அன்றிலிருந்து வருபவை. பிளாஸ்டிக் தரம் நன்று, துளைகள் சுத்தமாக வார்க்கப்பட்டிருக்கின்றன, கைக்கு நல்ல கனம்.

பிளஸ் டூ பாடத்தில் பிள்ளைகள் படித்து வரும் வகைப்பாட்டுக்கு இந்தப் பெட்டி தாராளமாகப் போதும். ஒருமுனை ஈனி, இருமுனை ஈனி, கொடுக்கிணைப்பு (ஒரே ஈனி பல முனைகளால் உலோகத்தைப் பிடிப்பது) எல்லாம் கையில் எடுத்த சில நிமிடங்களில் புரிந்துவிடும். எத்திலீன் டைஅமீன் மூன்றை எண்முகி உருண்டையில் மாட்டச் சொல்லுங்கள். பக்கத்துப் பெஞ்சில் செய்ததன் மேல் தான் செய்தது பொருந்தவில்லை என்று யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். இடஞ்சுழி, வலஞ்சுழி பற்றிப் பேச வேறு முன்னுரை தேவையில்லை. 1911 இல் சூரிச்சில் வெர்னரின் ஆய்வுக்கூடத்தில் இப்படிப்பட்ட கோபால்ட்டு அணைவுகளை இரண்டு ஒளிசுழற்றும் வடிவங்களாகப் பிரித்தபோது அவருடைய எண்முகிக் கொள்கைக்கு எவ்வளவு பெரிய பலம் கிடைத்தது என்பது, உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற பிள்ளைக்கு நன்றாகவே விளங்குகிறது.

அடுத்தது ஒரே ஈனி எத்தனை கார்பன்களால் பிடிக்கிறது என்ற கணக்கு. 1968 இல் காட்டன் முன்வைத்த ஈட்டா குறியீடு இதற்குத்தான். என் வகுப்பில் இதற்கு நான் எடுக்கும் சேர்மம் 1956 இல் பைப்பரும் வில்கின்சனும் செய்தது: ஓர் இரும்பு, இரண்டு கார்பனைல் (ஈனியாக நிற்கும் கார்பன் மோனாக்சைடு), இரண்டு சைக்ளோபென்டாடையீனைல் வளையம். ஒரு வளையம் ஐந்து கார்பனாலும் பிடித்திருக்கிறது, ஈட்டா-5. மற்றது ஒற்றைக் கார்பனால் தொங்குகிறது, ஈட்டா-1. ஒரே ஈனி, ஒரே மூலக்கூறு, இரண்டு வேடம். பெட்டியில் இதைக் கட்டிப் பார்த்தால் ஒரு நல்ல செய்தி கிடைக்கும். எண்முகி உருண்டையின் ஒரு முகத்தில் உள்ள மூன்று துளைகளையும் ஈட்டா-5 வளையத்துக்குக் கொடுங்கள், இரண்டைக் கார்பனைலுக்கு, ஒன்றை ஈட்டா-1 வளையத்துக்கு. ஆறு துளையும் சரியாக நிரம்பும். இரும்பின் 8, வளையத்தின் 5, மற்ற வளையத்தின் 1, கார்பனைல்களின் 4: மொத்தம் 18, உலோகத்தின் வெளிக்கூடு நிரம்பிய எண். உருண்டையில் துளை மிச்சமில்லை, கணக்கிலும் மிச்சமில்லை. பிள்ளைகள் முகம் மலர்கிற இடம் இது.

கவனம்: பெட்டியோடு வரும் கையேடு, வளையத்தின் நடுவில் ஒரு தட்டை வைத்து ஒரே குச்சியால் உலோகத்தில் மாட்டச் சொல்கிறது. அப்படிச் செய்யாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சைக்ளோபென்டாடையீனைல் ஒரே ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும் ஈனி என்ற எண்ணம் மனத்தில் ஊறிவிடும். அதன் பிறகு ஃபெரோசீனில் இரும்பின் அணைவு எண் இரண்டு என்று விடைத்தாளில் எழுதுவார்கள். வளையத்தை எப்போதும் முகத்தின் மேல் மூன்று நீண்ட குச்சிகளால் உட்கார வையுங்கள். எதிரெதிர் முகங்களில் இரண்டு வளையம் என்றால் ஃபெரோசீன். ஒரு வளையமும் மூன்று கார்பனைலும் என்றால், மாங்கனீசு நடுவில் இருக்கும் பியானோ ஸ்டூல் வடிவம்: வளையம் இருக்கை, கார்பனைல்கள் கால்கள்.

இனி இந்தப் பெட்டியின் பெரிய குறைக்கு வருகிறேன்.

குளோரின் உருண்டைக்கு ஒரே ஒரு துளைதான். ஹைட்ரஜனுக்கும் ஒன்றுதான். கரிம வேதியியலுக்கு அது போதும். ஆனால் ரோடியம் கார்பனைல் குளோரைடு ஒன்றைக் கட்டச் சொன்னபோது, இரண்டு ரோடியத்துக்கும் நடுவில் பாலமாக நிற்க வேண்டிய குளோரினைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், இதுக்கு இன்னொரு துளை எங்கே?" மிகச் சரியான கேள்வி. துளைகளின் எண்ணிக்கையே ஒரு வகைப்பாடு. குளோரினுக்கு ஒரு துளை வைத்தவர், குளோரின் ஒரே ஒரு பிணைப்பைத்தான் தரும் என்று வேதியியலை நமக்கு முன்பே தீர்மானித்துவிட்டார். உண்மையில் பாலக் குளோரின் ஒரு ரோடியத்துக்குத் தன் ஒற்றை எலக்ட்ரானைத் தருகிறது. மற்ற ரோடியத்துக்குத் தனி இணை ஒன்றைத் தருகிறது. கூட்டிப் பாருங்கள்: ரோடியம் 9, இரண்டு கார்பனைலுக்கு 4, ஒரு குளோரினிடமிருந்து 1, மற்ற குளோரினிடமிருந்து 2, மொத்தம் 16. தளசதுர ரோடியத்துக்கு உரிய எண். இதை அந்த ஒற்றைத் துளை மறைத்துவிடுகிறது.

ஹைட்ரஜனின் ஒற்றைத் துளை இன்னும் கொஞ்சம் அதிகமாகவே மறைக்கிறது. 1984 இல் லாஸ் அலமோஸில் கூபாஸ் குழுவினர், ஹைட்ரஜன் மூலக்கூறு உடையாமல் அப்படியே டங்ஸ்டனோடு பக்கவாட்டில் பிணைந்திருப்பதைக் காட்டினார்கள். அங்கே ஹைட்ரஜன் மூலக்கூறு முழுவதும் ஓர் ஈனி. தன் பிணைப்பு இணையையே உலோகத்துக்குத் தருகிறது. அதே மூலக்கூறு உடைந்தால் இரண்டு ஹைட்ரைடு, வேறு வகை ஈனி, உலோகத்தின் ஆக்சிஜனேற்ற நிலை இரண்டு கூடிவிடும். வினையூக்கத்தில் ஆக்சிஜனேற்றச் சேர்க்கை என்று நாம் நடத்துவதன் நுழைவாயிலே இந்த இடம்தான். இந்தப் பெட்டியில் அதைக் கட்ட வழியில்லை. நான் இரண்டு துளை ஆக்சிஜன் உருண்டைகளுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து ஹைட்ரஜன் ஆக்கிக்கொண்டேன்; இரண்டு துளைக் கந்தகத்துக்குப் பச்சை அடித்துக் குளோரின். இவ்வளவு விலையுள்ள பெட்டியில், அதுவும் கனிம வேதியியலுக்கு என்று விற்கிற பெட்டியில், இந்த உருண்டைகள் ஆளுக்கு நான்கைந்து இருந்திருக்க வேண்டும்.

அடுத்து, எலக்ட்ரான் யாருடையது என்ற கேள்வி. ஆக்ஸ்ஃபோர்டில் மால்கம் கிரீன் 1995 இல் தெளிவாக எழுதி வைத்த வகைப்பாட்டைத்தான் நான் நடத்துகிறேன். ஈனியை மின்சுமையில்லாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு எலக்ட்ரானையும் தானே தந்தால் எல் வகை: கார்பன் மோனாக்சைடு, பாஸ்பீன், எத்திலீன். தன் பங்குக்கு ஒன்று தந்து உலோகத்திடமிருந்து ஒன்று பெற்றால் எக்ஸ் வகை: ஹைட்ரஜன், மெத்தில், குளோரின். எலக்ட்ரான் எதுவும் தராமல் இரண்டையும் உலோகத்திடமிருந்தே வாங்கிக்கொண்டால் இசட் வகை: போரான் டிரைஃபுளூரைடு போன்றவை. பெரிய ஈனிகள் இவற்றின் கூட்டு. அல்லைல் ஈட்டா-3 ஆகப் பிடித்தால் ஓர் எல்லும் ஓர் எக்ஸும். சைக்ளோபென்டாடையீனைல் இரண்டு எல்லும் ஓர் எக்ஸும். பென்சீன் மூன்று எல்.

பெட்டியில் எல்லாப் பிணைப்பும் ஒரே சாம்பல் குச்சி. எல் எது, எக்ஸ் எது என்று குச்சியைப் பார்த்துச் சொல்ல முடியாது. இதற்கு நான் கண்ட வழி, எலக்ட்ரிக்கல் கடையில் வயர் இணைப்புக்குப் போடும் ஸ்லீவ். மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் சில மீட்டர் வாங்கிச் சிறு துண்டுகளாக நறுக்கிக் குச்சிகளின் மேல் செருகிவிட்டேன். மஞ்சள் எல், சிவப்பு எக்ஸ், நீலம் இசட். செலவு மிகக் குறைவு. பெட்டியின் மதிப்போ இரண்டு மடங்கானது.

இதற்குப் பிறகு கணக்கு கண்ணாலேயே முடிந்துவிடுகிறது. உலோகத்தின் தொகுதி எண்ணோடு மஞ்சளுக்கு இரண்டிரண்டு, சிவப்புக்கு ஒவ்வொன்று கூட்டினால் மொத்த எலக்ட்ரான். அணைவுக்கு மின்சுமை இருந்தால் அதையும் சரிசெய்துகொள்ள வேண்டும். நீலத்துக்கு எதுவும் கூட்டத் தேவையில்லை. ரோடியம் உள்ள வில்கின்சன் வினையூக்கியில் மூன்று மஞ்சள் பாஸ்பீன், ஒரு சிவப்புக் குளோரின்: 9, 6, 1, ஆக 16. மெத்தில் மாங்கனீசு பென்டாகார்பனைலில் ஐந்து மஞ்சள், ஒரு சிவப்பு: 7, 10, 1, ஆக 18. ஃபெரோசீன் வளையத்துக்குக் கீழே இரண்டு மஞ்சளும் ஒரு சிவப்பும். உண்மையில் ஐந்து கார்பனும் சமம், அந்தச் சிவப்பு எந்தக் கார்பனுக்கும் சொந்தமில்லை என்பதை வாயால் சொல்லிவிட வேண்டும். அதை நிறம் சொல்லாது.

பிளஸ் டூவிலிருந்து வரும் பிள்ளைக்குக் குளோரைடு என்றால் எதிர்மின் அயனி, இரண்டு எலக்ட்ரான் தரும். இங்கே நாம் ஒன்று என்கிறோம். இரண்டு முறையிலும் மொத்தம் ஒரே எண்தான் என்று ஆயிரம் முறை சொன்னாலும் நம்ப மாட்டார்கள். வில்கின்சன் வினையூக்கியில் ஒரே கணக்கில் ரோடியத்துக்கு 9 எடுத்து, பாஸ்பீன்களின் 6 உடன் குளோரைடுக்கு 2 போட்டு 17 என்று முடிப்பார்கள். ஸ்லீவ் போட்ட குச்சி இருந்தால், சிவப்பைப் பிடுங்கும்போது குச்சியோடு இரண்டு எலக்ட்ரானும் குளோரினோடு போனால் அயனி முறை, ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்தால் சகப்பிணைப்பு முறை என்று கையால் செய்து காட்டலாம். இந்த ஒரு பயிற்சிக்காகவே பெட்டியைப் பரிந்துரைப்பேன்.

வடிவத்தை மட்டும் நம்பினால் எவ்வளவு ஏமாறுவோம் என்பதற்கு, கார்பனால் உலோகத்தோடு இரட்டைப் பிணைப்பில் நிற்கும் கார்பீன்கள் நல்ல சான்று. ஃபிஷர் 1964 இல் தந்த டங்ஸ்டன் கார்பீனையும், ஷ்ராக் 1974 இல் தந்த டாண்டலம் ஆல்கைலிடீனையும் பெட்டியில் கட்டினால் உலோகம்–கார்பன் பகுதி இரண்டிலும் ஒரே மாதிரி: வளைந்த இரு குச்சி இரட்டைப் பிணைப்பு. ஸ்லீவ் போட்டால்தான் வேறுபாடு வரும். ஃபிஷர் வகைக்கு மஞ்சள் ஒன்று, ஷ்ராக் வகைக்குச் சிவப்பு இரண்டு. முதலாவதில் கார்பன் எலக்ட்ரான் கவர், இரண்டாவதில் அணுக்கரு கவர். வினைபுரியும் விதமே தலைகீழாகிறது. இதைப் பெட்டியை வடிவமைத்தவரிடம் எதிர்பார்க்க முடியாதுதான், ஆனால் ஆசிரியர் மறந்துவிடக் கூடாது.

நைட்ரிக் ஆக்சைடில் மட்டும் வடிவமே வகையைச் சொல்லிவிடுகிறது. நேராக நின்றால் 3 எலக்ட்ரான், வளைந்து நின்றால் 1. ருத்தேனியம் அணைவு ஒன்றில் நேரானதும் வளைந்ததும் அக்கம்பக்கமாகவே உண்டு. தேர்வுக்கு மிகவும் பிடித்த கேள்வி. நேரானதற்கு நான் ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு போடுகிறேன். மூன்று எக்ஸ் என்று எடுப்பவர்களும் உண்டு, எண்ணிக்கை மாறாது. பெட்டியில் நேர்கோட்டு நைட்ரஜன் கிடையாது. இருதுளைக் கார்பனுக்கு நீலம் அடிக்க வேண்டியதுதான்.

நீல ஸ்லீவுக்கு வேலை குறைவு. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஆண்டனி ஹில் குழு 1999 இல் வெளியிட்ட, ருத்தேனியம் போரானுக்கு எலக்ட்ரான் இணை தரும் அணைவைக் காட்டுவதற்கு எடுப்பேன். உலோகமும் கொடையாளி ஆகும் என்பதை வகுப்பு ஒருமுறையாவது கண்ணால் பார்க்க வேண்டும்.

பாஸ்பீன்களின் பருமனைக் காட்ட இந்தப் பெட்டி உதவாது. டுபாண்ட் நிறுவனத்தில் இருந்த டோல்மன், பாஸ்பீன்களைக் கூம்புக் கோணத்தால் வரிசைப்படுத்தியபோது மாதிரிகளைக் கொண்டே அளந்தார். ஆனால் அவர் வைத்திருந்தவை அணுவின் முழுப் பருமனையும் காட்டும் இடம் நிரப்பும் மாதிரிகள். பாஸ்பரஸிலிருந்து 2.28 ஆங்ஸ்ட்ராம் தள்ளி உலோகம் என்று வைத்து, அங்கிருந்து ஈனியைச் சுற்றி வளைக்கும் கூம்பை அளப்பது அவர் முறை. டிரைமெத்தில்பாஸ்பீன் 118 பாகை, டிரைஃபீனைல்பாஸ்பீன் 145, டிரைடெர்ட்பியூட்டைல்பாஸ்பீன் 182. எங்கள் பெட்டியில் ஹைட்ரஜன் உருண்டை மிகச் சிறியது, நடுவில் வெறும் குச்சி. அளந்தால் கோணம் எல்லாம் குறைந்துதான் வரும். வரிசை தெரியும், எண் வராது. 182 பாகை என்றால் ஈனி உலோகத்தின் பாதிக் கோளத்துக்கு மேல் மறைத்து நிற்கிறது. பல்லேடியத்தின் மேல் அந்தப் பாஸ்பீன் இரண்டோடு நின்றுவிடுவது ஏன் என்பதைக் காட்ட நான் இப்போதும் கணினித் திரையைத்தான் நாடுகிறேன்.

பின்பிணைப்பும், அதாவது உலோகம் தன் எலக்ட்ரானை ஈனிக்குத் திருப்பித் தருவதும், அப்படியே. தனிக் கார்பன் மோனாக்சைடின் அகச்சிவப்பு அதிர்வு 2143 அலைஎண். நிக்கல் டிரைகார்பனைலோடு டிரைடெர்ட்பியூட்டைல்பாஸ்பீன் சேர்ந்தால் கார்பனைல் அதிர்வு 2056 க்கு இறங்குகிறது, பாஸ்பரஸ் டிரைஃபுளூரைடு சேர்ந்தால் 2111 இல் நிற்கிறது. இரண்டு பாஸ்பீனும் எல் வகைதான், இரண்டுக்கும் ஒரே மஞ்சள். ஆனால் ஒன்று உலோகத்துக்கு அள்ளித் தருகிறது, மற்றது தந்ததில் பாதியைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. இங்கே பெட்டியை மூடி வைத்துவிட்டு நிறமாலையை எடுங்கள்.

சில நடைமுறைச் செய்திகள். நீண்ட வளையும் குச்சிகள்தான் முதலில் போகும். மூன்று குச்சியில் வளையத்தை உட்கார வைத்து வைத்து, முனைகள் தளர்ந்து துளையில் நிற்காமல் நழுவுகின்றன. எங்களிடம் கால்வாசி ஏற்கெனவே போய்விட்டது. குட்டைக் குச்சி ஒன்றுகூட உடையவில்லை. பிடுங்க உதவும் சிறு கருவி பெட்டியில் இருக்கிறது, அதைத் தொலைத்துவிடாதீர்கள்; நகத்தால் பிடுங்குவது சிரமம். ஆறு துளை உருண்டைகள் ஒரு வகுப்புக்குப் போதாது. ஆளுக்கு ஒன்று என்ற கணக்கில் தனியாக வாங்கிவிடுவது நல்லது.

பள்ளிக்கு இந்தப் பெரிய பெட்டி வேண்டியதில்லை. எண்முகியும் நான்முகியும் உள்ள சிறிய பெட்டியே பிளஸ் டூ பாடத்தை முழுவதும் தாங்கும். நெட், கேட் தேர்வுக்குத் தனியாகப் படிப்பவர்களும் இதற்குச் செலவழிக்க வேண்டாம். நிறப் பென்சிலும் எல், எக்ஸ் கணக்கும் போதும். முதுகலை வகுப்பு நடத்தும் துறைகளுக்கு நிச்சயம் வேண்டும். ஆர்டர் போடும்போதே இரண்டு துளைக் கந்தகமும் ஆக்சிஜனும் கூடுதலாக ஒவ்வொன்றிலும் ஒரு டஜன், நீண்ட குச்சி இரண்டு பாக்கெட் சேர்த்துக் கேளுங்கள். உதிரியாகப் பிறகு வாங்கினால் அனுப்பும் செலவே பொருளின் விலைக்கு வந்துவிடுகிறது.